நாத்தனார் ஏழு

துளின்னு சொன்னாத்தான் அந்த ஆராய்ச்சிக் கட்டடத்துல அவங்களைத் தெரியும். சம்பளப் பட்டியல்ல வேற பேர் இருக்கு. அதை யாராவது சத்தமாப் படிச்சா, அவங்களே ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் 'நான்தான்'னு கை தூக்குவாங்க. கண்ணுக்குச் சரியாத் தெரியாத அளவு தண்ணிய ஒரு சின்னக் குழாயால உறிஞ்சி, ஒரு தட்டுல இருக்கற தொண்ணூத்தாறு குழிலயும் ஒரே அளவா விடுவாங்க. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அதனால துளி.

வேலை பதினோரு மாச காண்ட்ராக்ட். பன்னெண்டாவது மாசம் தொட்டா ஆள் நிரந்தரம்னு கேஸ் போட்டுருவாங்களோன்னு பயந்து, ஒரு நாள் வெளிய அனுப்பிட்டு மறுநாள் புது ஆள் மாதிரி உள்ள எடுப்பாங்க. இப்படி ஒன்பது தடவை அதே ரூம்ல புது ஆளாச் சேர்ந்தவங்க துளி. ஒன்பதாவது தடவை ஃபாரத்துல 'முன் அனுபவம் உண்டா'ன்னு ஒரு கட்டம். 'உண்டு. இதே ரூம்ல, முந்தாநாள் வரைக்கும்'னு எழுதிக் குடுத்தாங்க. நான் முப்பது வருஷம் சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதினவன். இந்த வரிக்குப் பக்கத்துல நிக்கற மாதிரி ஒண்ணு நான் எழுதினதில்ல.

எனக்கு அவங்களை அவங்க வீட்டுக்காரர் மூலமாத் தெரியும். மனுஷன் தையல்காரர். எங்க கொடி பூரா அவர் தெச்சதுதான். ஒரு கொடி கூட கோணல் இல்ல. நாங்கதான் சில சமயம் கோணலாப் புடிச்சோம்.

அவங்க வேலை என்னன்னு முதல்ல சொல்லிடறேன். ஆன்டிபாடின்னா, கிருமியப் புடிக்க நம்ம ஒடம்பு பண்ற கொக்கி. ஒரு கொக்கி ஒரே ஒரு சாமான்லதான் மாட்டணும். அதைக் காய்ச்சல் டெஸ்ட் பண்ற பட்டைல வெச்சா, ரத்தத்துல கிருமி இருந்தா புடிச்சுக் காட்டும். இந்தக் கொக்கிய வழக்கமா உயிருள்ள செல்லுல வளப்பாங்க. செல்லுக்குத் தீனி போடணும், சூடு காட்டணும், கோவிச்சுக்காமப் பாத்துக்கணும், வாரக்கணக்குல காத்திருக்கணும். துளி ரூம்ல அந்தச் சீராட்டல் கிடையாது. பாக்டீரியாவ நசுக்கி, ஓட்டைத் தூக்கிப் போட்டுட்டு, உள்ள இருக்கற சாறை மட்டும் எடுத்து ஃப்ரீசர்ல வெச்சிருக்காங்க. உயிர் போயிடுச்சு, ஆனா புரதம் பண்ற கருவியெல்லாம் சாறுல அப்படியே கிடக்கு. கொக்கியோட டிஎன்ஏவ அதுல போடணும். அதுதான் கட்டளைச் சீட்டு. போட்டா மூணு மணி நேரத்துல கொக்கி ரெடி.

இதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. சுவரை இடிச்சாச்சு, கேட்டை உடைச்சாச்சு, மேனேஜ்மென்ட் ஓடியே போச்சு, தொழிலாளி மட்டும் நின்னு உற்பத்தி பண்றான்! இதைத்தானே நான் ஒவ்வொரு கேட் மீட்டிங்லயும் தொண்டை கிழியக் கத்தினேன்? துளி ஒரே பேச்சுல இறக்கிட்டாங்க. "நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா மூணு மணி நேரத்துக்கு மேல அவங்களாலயும் முடியாது. தீனி தீந்துரும். திரும்பப் போட ஆள் இல்ல."

ரூம் கதவுல 'செல் இல்லா அறை'ன்னு ஒரு போர்டு. உயிருள்ள செல் உள்ள வரக்கூடாதுங்கறதுக்காக வெச்சது. வாசல்ல இருந்த வாட்ச்மேன் அதைப் படிச்சுட்டு, மறுநாள் வீட்லேருந்து ஒரு பிளாஸ்டிக் கூடை கொண்டு வந்துட்டாரு. வர்றவங்க போறவங்க எல்லாரோட செல்போனும் கூடைக்குள்ள.

"எதுக்குய்யா?"ன்னு யாராவது கேட்டா, "டவர் அலை பட்டா உள்ள இருக்கற ஆன்டிபாடி திரும்பிக்கும் சார்"னுவாரு.

"எந்தப் பக்கம் திரும்பிக்கும்?"

"ஆன்டின்னாலே எதிர்ப்பக்கம்தானே சார். இன்னும் திருப்பினா நேராயிடும். அப்புறம் எப்படி வேலை செய்யும்?"

துளி நாலு வருஷமா இதைத் திருத்தவே இல்ல. ரூம்ல ஒரு ஃபோன் சத்தம் கிடையாது, வேலை நிம்மதியா ஓடுச்சு. எதுக்குத் திருத்தணும்?

இப்ப அந்தத் தட்டுக்கு வர்றேன். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னெண்டு குழி. வரிசைக்கு ஏ, பி, சி, டின்னு இங்கிலீஷ் எழுத்துத்தான் பேர். வாய்ல முகமூடி, தலைக்கு மேல காத்தாடி சத்தம். இதுல ஒருத்தர் 'பி மூணு'ன்னா இன்னொருத்தர் காதுல 'டி மூணு'ன்னு விழும். சி, ஜி, ஈ எல்லாம் ஒரே ஊளை. ரெண்டு தடவை தட்டு பாழாச்சு. மூணாவது தடவை துளி தனக்குன்னு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. எட்டு வரிசைக்கும் புகுந்த வீட்டு ஆளுங்க பேர்.

முதல் வரிசை மாமியார். சந்தேகமே வேணாம். ரெண்டு மாமனார். மூணு நாத்தனார். நாலு கொழுந்தன். அஞ்சு ஓரகத்தி. ஆறு சித்தப்பா, ஏழு அத்தை. எட்டாவது வரிசைல ஒண்ணும் போட மாட்டாங்க. ஒண்ணும் போடாத இடத்துல ஒண்ணும் வரலைன்னு காட்டறதுக்காகவே வெச்ச வரிசை அது. அதுக்கு வீட்டுக்காரர்னு பேர் வெச்சிருந்தாங்க.

"எதுக்குடி என்னைக் காலியா வெச்சிருக்க?"ன்னு தையல்காரர் ஒரு நாள் கேட்டாராம்.

"நீங்க சரியா இருந்தாத்தான் மத்தவங்க சொல்றதை நம்ப முடியும்"னாங்களாம் துளி. அவரு அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்து சொன்னாரு.

நோட்டுல முழுசா எழுத நேரம் ஏது? மி, பெ, நா, கொ, ஓ, சி, அ, வீ. மாமியாருக்கும் மாமனாருக்கும் ஒரே எழுத்துல வரும்னு, மாமியாருக்கு நடு எழுத்து. மாமனாருக்குப் பெரியவர்ங்கற பெ. பழைய நீல அட்டை நோட்டு. அவங்க தவிர யாரும் தொட மாட்டாங்க. மேலிடத்துக்கு மட்டும் ஒழுங்கா ஏ, பி, சின்னு சொல்லுவாங்க.

அந்த மாசம் ப்ராஜெக்ட் முடியுது. எண்பத்தி நாலு கொக்கி டிசைன் போட்டுப் பாத்ததுல ஒண்ணே ஒண்ணு சரியா மாட்டுச்சு. கொக்கி மாட்டின குழில சாயத்தை விட்டா நீலமாகும். காய்ச்சல் கிருமியோட துண்டை அடில ஒட்டின தட்டுல நல்ல நீலம். சம்பந்தமில்லாத வேற புரதத்தை ஒட்டின தட்டுல துளிகூட நீலம் இல்ல. அதுதான் முக்கியம். எல்லாத்துலயும் ஒட்டினா அது பசை. ஒண்ணுல மட்டும் ஒட்டினாத்தான் கொக்கி. அந்த வாரம் கலரைப் படிச்சு நம்பர் குடுக்கற மெஷின் ரிப்பேர். கண்ணால பாத்து நோட்டுல எழுதினாங்க: 'நா 7 – நல்ல பிடி.'

மூணு பேர் குழு ஒண்ணு வந்து பாக்கப் போகுது. அவங்க கண் முன்னாடி அந்தக் கொக்கி திரும்ப மாட்டினா, ரூமுக்கு இன்னும் மூணு வருஷம் உசுரு. மூணு வருஷ வேலைக்குப் பதினோரு மாச ஆள் செல்லுபடியாகாதுன்னு ரூலே இருக்கு. துளிய நிரந்தரம் பண்ணித்தான் ஆகணும். மாட்டலைன்னா ரூமுக்குப் பூட்டு. துளிக்குப் பத்தாவது தடவை புது ஆளாகற பாக்கியம் கூட இல்ல.

குழு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி துளிக்குக் கடவாய்ப் பல்லு. புடுங்கியே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. லீவு. அன்னிக்குப் பாத்து ரூமுக்குத் தலைமையான டாக்டரம்மா, அந்தக் கொக்கியோட டிஎன்ஏவப் பிரதி எடுத்து வெக்கலாம்னு உக்காந்தாங்க. எந்தக் குழின்னு கேக்கணும். ஃபோன் கூடைல. கையுறையக் கழட்டி, வெளிய போய், வாட்ச்மேன்கிட்ட வாங்கி... அட, நோட்டு இங்கதானே இருக்கு. தொறந்தாங்க. 'நா 7 – நல்ல பிடி.'

நா. நாலு. நாலாவது வரிசை, ஏழாவது குழி.

பெரிய படிப்புப் படிச்சவங்க. யார் படிச்சாலும் அப்படித்தான் படிச்சிருப்பாங்க. நாலாவது வரிசை ஏழுலேருந்து டிஎன்ஏ எடுத்து, பிரதி பண்ணி, ஒரு குழாய்ல ஊத்தி 'ரிப்பீட்'னு எழுதி வெச்சுட்டாங்க.

குழு வந்த அன்னிக்குக் காலைல ஆறு மணிக்கே துளி வந்து, 'ரிப்பீட்' குழாயத் தொறந்து சாறுல கலந்து வெச்சுட்டாங்க. பத்து மணிக்கு மூணு பேரும் வந்தாங்க. கூடைக்கு மூணு ஃபோன் போச்சு. தலைவர் வழுக்கைத்தலைப் பேராசிரியர், எதையும் ரெண்டு தடவை கேக்கற ஆள். இன்னொருத்தர் வாட்சைப் பாத்துக்கிட்டே இருந்தாரு, சாயங்காலம் அஞ்சரைக்கு அவங்களுக்கு ரயில். மூணாவது ஆள் தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. கேள்விக்கும் ஆட்டினாரு, பதிலுக்கும் ஆட்டினாரு.

நாலாவதா ஒருத்தங்க. கூட்டத்துல நடக்கறதைக் குறிப்பெடுக்க ஆபீஸ்லேருந்து அனுப்பின கிளார்க்கம்மா. அவங்க வேற யாரும் இல்ல, தையல்காரரோட சொந்த அக்கா. துளியோட நாத்தனார்.

அவங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும். ஒன்பது காண்ட்ராக்ட் லெட்டரும் டைப் பண்ணது அவங்கதான். தம்பி பொண்டாட்டியாச்சேன்னு ஒரு நாள் முன்னாடி தள்ளினதில்ல. பின்னாடியும் தள்ளினதில்ல. ஒன்பது தடவையும் 'தங்களைப் புதிதாக நியமிப்பதில் மகிழ்ச்சி'ன்னு டைப் பண்ணி, முகத்துல ஒரு மகிழ்ச்சியும் இல்லாம நீட்டுவாங்க.

பதினொண்ணே காலுக்குத் தட்டுல சாயத்தை விட்டாங்க. எல்லாரும் குனிஞ்சு பாத்தாங்க. ஒரு நிமிஷம். அஞ்சு நிமிஷம். பத்து. வெறும் தண்ணி மாதிரி இருக்கு. நீலம்னு பேருக்குக் கூட இல்ல.

"எங்கம்மா நீலம்?"னாரு தலைவர். "நீலம் எங்க?"

துளி ஒவ்வொண்ணா யோசிச்சாங்க. சாறு சரியா இருக்கா? சரி. சாயம்? சரி. அப்ப மிச்சம் இருக்கறது சீட்டு. "டாக்டரம்மா, இந்த டிஎன்ஏ எந்தக் குழிலேருந்து எடுத்தீங்க?"

"உன் நோட்டுல போட்டிருந்ததுதான். நாலு ஏழு."

"நாலா?"ன்னு கேட்டுட்டு, துளி நோட்டைக் கைல எடுத்தாங்க.

"நா ஏழுன்னு எழுதியிருந்தியே."

"நா ஏழுதான் டாக்டரம்மா. ஆனா அது நாலு இல்ல. அது... மூணு."

தலைவர் கண்ணாடியக் கழட்டினாரு. "நான்னா எப்படிம்மா மூணாகும்? மூணுக்கு மூ-ன்னு தானே வரணும்?"

துளி ஓரக்கண்ணால பாத்தாங்க. நாலடி தள்ளி நாத்தனார் பேனாவத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, அடுத்த வார்த்தைக்கு.

"இங்க பாருங்கம்மா," தலைவர் குரல் மாறிடுச்சு. "நாலுல வரலை. இப்ப மூணுங்கறீங்க. மூணுல வரலைன்னா அஞ்சுங்கறதா? இதுக்குப் பேர் சோதனை இல்ல. குலுக்கல்."

வாட்ச் பாக்கறவர் ஃபைலை மூடினாரு. தலையாட்டறவர் ஆட்டினாரு.

ஃபைல் மூடற சத்தம் கேட்டதும்தான் துளிக்கு வாய் வந்துச்சு. "நா-ன்னா நாத்தனார் சார்."

"என்னது?"

"நாத்தனார். மூணாவது வரிசை. முதல் வரிசை மாமியார், ரெண்டு மாமனார். இங்கிலீஷ் எழுத்து காதுல மாறி மாறி விழுதுன்னு நானா வெச்சுக்கிட்டேன். பழைய பக்கம் எல்லாம் இருக்கு சார், எல்லாம் ஒரே வரிசைதான். பாருங்க."

நோட்டை நீட்டிட்டாங்க. நீட்டின அப்புறம்தான் அதுல என்னென்ன எழுதியிருக்குன்னு ஞாபகம் வந்துச்சு. தலைவர் அதுக்குள்ள சத்தமா வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. பேராசிரியர்னா அப்படித்தான், கைல பேப்பர் குடுத்தா கிளாஸ் எடுப்பாங்க.

"'மி 3 – மூணு தடவை கழுவியும் போகல. பிடிவாதம்.' 'பெ – வரிசை பூரா ஒண்ணும் இல்ல. வழக்கம்போல.' 'கொ 7 – தூக்கம்.' அட, இதுதான் நீங்க இன்னிக்குப் போட்டதா மேடம்?"

டாக்டரம்மா முகத்தைக் கையால மூடிக்கிட்டு ஆமான்னாங்க.

"'ஓ 4 – முதல்ல நல்லா வந்து அப்புறம் வெளுத்துருச்சு.' 'வீ – காலி. நல்லது.' 'நா 2 – எல்லாத்துலயும் போய் ஒட்டுது. நம்பக்கூடாது.'"

பேனா நின்னுருச்சு. "இது எந்தத் தேதில எழுதினது?"ன்னு நாத்தனார் கேட்டாங்க.

"மேடம், நீங்க குறிப்பு மட்டும் எடுங்க."

"குறிப்புக்குத்தான் சார் கேக்கறேன். தேதி வேணும்."

தலைவர் தேதி சொன்னாரு. அவங்க எழுதிக்கிட்டாங்க. அந்தத் தேதிக்கு மறுநாள்தான் அவங்களும் துளியும் வீட்ல ஒண்ணா உக்காந்து பூண்டு உரிச்சிருக்காங்க.

தலைவர் பத்துப் பக்கம் புரட்டினாரு. எல்லாப் பக்கமும் மி, பெ, நா, கொ. வரிசை மாறவே இல்ல. ஆனாலும் ரெண்டாவது தடவை கேக்கற ஆளாச்சே. "இந்த எழுத்துக்கு இதுதான் அர்த்தம்னு நீங்க சொல்றீங்க. வேற யாருக்காவது தெரியுமா? வெளி ஆள் யாராவது சொல்லணும்மா. இல்லைன்னா இன்னிக்கு யோசிச்சுச் சொன்னதுன்னுதான் எடுத்துக்க வேண்டியிருக்கும்."

யாருக்குத் தெரியும்? தையல்காரருக்குத் தெரியும். அவரு கடைல காலர் வெட்டிக்கிட்டிருக்காரு. டாக்டரம்மா தரையப் பாத்தாங்க. துளி கையுறையக் கழட்ட ஆரம்பிச்சாங்க. முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டாங்க.

நாற்காலி கிறீச்சுன்னுச்சு. நாத்தனார் எந்திரிச்சாங்க.

"வரிசை சரிதான் சார்."

"உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"மி எங்கம்மா. கழுவினாலும் போகாதுன்னு எழுதியிருக்கே, அது எங்கம்மாவேதான். பெ எங்கப்பா, நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டாரு. கொ என் கடைசித் தம்பி, பன்னெண்டு மணி வரைக்கும் தூங்குவான். ஓ அவன் பொண்டாட்டி. கல்யாணமான புதுசுல நல்லாத்தான் இருந்தா." ஒரு மூச்சு விட்டாங்க. "நா நான்."

தலைவர் நோட்டை மூடி மேஜைல வெச்சாரு.

"நான் இவகூட இனிமே பேசப் போறதில்ல. அது எங்க குடும்ப விஷயம். ஆனா மூணாவது நான்தான். அதைக் குறிப்புல எழுதறேன்." உக்காந்து எழுதினாங்க.

தலைவர் சிரிப்பை அடக்க இருமினாரு. அப்புறம் கேட்டாரு: "இந்த மூணு ஏழைத் திரும்பப் போட எத்தனை நாள் ஆகும்?"

"நாள் எதுக்கு சார்? டிஎன்ஏ மிச்சம் ஃப்ரீசர்ல இருக்கு. நாலே காலுக்குக் காட்டறேன். உங்க ரயில் அஞ்சரைக்கு."

செல் வளக்கற ரூமா இருந்தா அங்கயே கதை முடிஞ்சிருக்கும். 'ரெண்டு வாரம் கழிச்சு வாங்க'ன்னு சொல்லியிருப்பாங்க, யாரும் வந்திருக்க மாட்டாங்க. இங்க செத்த சாறு. அதுக்குச் சீராட்டல் வேணாம், நல்ல நேரம் வேணாம். சீட்டைப் போட்டா வேலை. பதினொண்ணே முக்காலுக்குத் துளி புதுக் கையுறை மாட்டிக்கிட்டுக் கலந்தாங்க. இந்தத் தடவை தலைவரே பக்கத்துல நின்னு, எந்தக் குழிலேருந்து எடுக்கறாங்கன்னு எண்ணிப் பாத்து ரெண்டு தடவை கேட்டாரு. "நாத்தனார் ஏழுதானே? நாத்தனார் ஏழு?" துளி ரெண்டு தடவையும் ஆமான்னாங்க, நாத்தனார் இருந்த பக்கம் திரும்பாம.

மூணு மணி நேரம் முப்பது டிகிரில சாறு வேலை செஞ்சுது. குழு வராண்டால உக்காந்திருந்துச்சு, கைல ஃபோன் இல்லாம. ஃபோன் இல்லாததால ஒருத்தரோட ஒருத்தர் பேச வேண்டியதாப் போச்சு. தலையாட்டறவர் அன்னிக்குத்தான் முதல் முதலா வாயத் தொறந்து, தன் நாத்தனாரைப் பத்தி, அதாவது தன் சம்சாரத்தோட நாத்தனாரான தன் தங்கச்சியப் பத்தி, முக்கால் மணி நேரம் பேசினாரு.

அப்புறம் தட்டுல விட்டு அரை மணி. மூணு கழுவல். அடுத்த மருந்து, அரை மணி. மறுபடி கழுவல். நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்குச் சாயம். துளி கை நடுங்கல. கை நடுங்கினா அவங்க துளியே இல்ல. ஆனா நெத்தியில வேர்வை இருந்துச்சுன்னு வாட்ச்மேன் சொன்னாரு. அவரும் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு.

ரெண்டு நிமிஷம் ஒண்ணும் இல்ல. மூணாவது நிமிஷம் குழியோட ஓரத்துல லேசா. அஞ்சாவது நிமிஷம் பள்ளிக்கூட மை மாதிரி நீலம். பக்கத்துத் தட்டுல, வேற புரதம் ஒட்டின இடத்துல, ஒண்ணும் இல்ல. காலி வரிசைல ஒண்ணும் இல்ல.

"புடிச்சிருச்சு," தலைவர் மெதுவாச் சொன்னாரு. இந்தத் தடவை திரும்பச் சொல்லல.

டாக்டரம்மா துளியக் கட்டிப்புடிச்சுக்கிட்டாங்க. நாத்தனார் மணி எழுதினாங்க, 'நீலம்'னு எழுதினாங்க, அடில கோடு போட்டாங்க, ஃபைலை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

குழு ரூமுக்கு மூணு வருஷம் எழுதிக் குடுத்துச்சு. வேலை பாக்கறவங்களை நிரந்தரம் பண்ணணும்னும் எழுதிச்சு. இனிமே டைரக்டர் ஒரு கையெழுத்துப் போடணும். நானும் பாத்திருக்கேன் அந்த ஒரு கையெழுத்தை. ஒரு ஆலைல அதுக்காக நாங்க நாப்பது நாள் வெளிய உக்காந்தோம்.

இங்க பதினெட்டு நாள் ஃபைல் டைரக்டர் மேஜைல கிடந்துச்சு. பத்தொன்பதாவது நாள் நாத்தனார் உள்ள போனாங்க. அங்க நடந்ததை டைரக்டரோட உதவியாளர் வெளிய வந்து ஊருக்கே சொல்லிட்டாரு.

"என்னம்மா இது, அறிக்கைல நாத்தனார் ஏழுன்னு போட்டிருக்கு? இதை எடுத்துட்டுக் கொண்டு வாங்க, பாப்போம்."

"எடுக்க முடியாது சார். எடுத்தா எந்தக் குழின்னே தெரியாது. மொத்த அறிக்கையும் குப்பை."

"அப்ப வெச்சுட்டுப் போங்க. நாளைக்குப் பாக்கறேன்."

"நிக்கறேன் சார்."

"எதுக்கு நிக்கணும்?"

"கால் நல்லாத்தான் இருக்கு சார். நிக்கறேன்."

இருபது நிமிஷம் நின்னாங்களாம். ஒரு வார்த்தை பேசல. டைரக்டர் ரெண்டு ஃபைல் பாத்தாரு, தண்ணி குடிச்சாரு, ஜன்னலைப் பாத்தாரு. கடைசில பேனாவ எடுத்தாரு.

ஆர்டரைக் கொண்டு வந்து துளி மேஜைல வெச்சாங்க. 'புதிதாக'ங்கற வார்த்தை அதுல இல்ல. துளி அந்த வரிய மட்டும் மூணு தடவை படிச்சாங்க.

"கையெழுத்துப் போடு."

"அண்ணி..."

"நான் உங்கூடப் பேசல. இது ஆபீஸ்."

துளி போட்டாங்க. நாத்தனார் பேப்பரை எடுக்கல. "ஆபீஸ் விஷயமா ஒண்ணு கேக்கணும். அந்த நா ரெண்டு. எல்லாத்துலயும் போய் ஒட்டுது, நம்பக்கூடாதுன்னு. அது குழியப் பத்தி எழுதினதுதானே?"

"குழியப் பத்தித்தான் அண்ணி."

"முழுசா?"

துளி மேஜையத் துடைச்சாங்க. துடைச்ச இடத்தையே திரும்பத் துடைச்சாங்க. "முக்கால்வாசி."

நாத்தனார் ஆர்டரை மடிக்காம ஃபைல்ல வெச்சு நாடாவ இழுத்துக் கட்டினாங்க. "மிச்சக் கால்வாசியப் பேச ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன். உன் புருஷனையும் கடைய மூடச் சொல்லு"ன்னுட்டுப் போனாங்க.